சான்றுப் பொருள்: மீன் ஏழு

டிக்கெட்டம்மா ரேஞ்சர் ஆகப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் பூங்கா வாசலில் சோளம் சுட்டு விற்கிறவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ டிக்கெட் யாரு குடுப்பா?" என்பதுதான். அவரவருக்கு அவரவர் கவலை.

பன்னிரண்டு வருடம் அவள் அந்த நுழைவுச் சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கண்ணாடி, கண்ணாடியின் அடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவள் பார்த்ததெல்லாம் கைகள்தான். மோதிரம் போட்ட கை, கிரீஸ் படிந்த கை, ஐஸ்கிரீம் ஒழுகும் கை. உள்ளே பெரிய ஏரி, நாணல், காடு, மான் எல்லாம் உண்டு. அதையெல்லாம் பார்க்க வருகிறவர்களின் கைகளை மட்டும் பார்ப்பது அவள் வேலை. நாற்பத்தொரு வயதில் துறைத் தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். அவள் உட்பட யாருமே அதை எதிர்பார்க்கவில்லை.

ரேஞ்சர் என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இது சட்டம் பார்க்கிற ரேஞ்சர். நாயை அவிழ்த்து விடுகிறவர், காய்ந்த புல்லில் அடுப்பு மூட்டுகிறவர், மரப்பட்டையில் காதலியின் பெயரைச் செதுக்குகிறவர், வளராத மீனைப் பிடிக்கிறவர், எல்லாரையும் நிறுத்தி விசாரிக்கலாம். நோட்டீஸ் எழுதலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம், கோர்ட்டுக்கு அழைக்கலாம். ஆறு மாதம் பயிற்சி. முடிவில் சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் திரும்பவும் கூண்டு. அந்த அரைவட்ட ஓட்டையை நினைத்தாலே அவளுக்கு முதுகு வலிக்கும்.

பயிற்சி கொடுக்க வந்தவள் அவளைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். எதற்கெடுத்தாலும் "எழுதுனீங்களா?" என்று கேட்பதால் ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் நோட்டு மேடம். மரியாதையாக அக்கா என்று கூப்பிட்டுத்தான் திட்டுவாள்.

"அக்கா, அந்த ஆளை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"காலையிலதான் மேடம்."

"காலையிலன்னா? சூரியன் வந்ததுல இருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் காலைதான். மணியைச் சொல்லுங்க."

"ஒரு ஏழு இருக்கும்."

"இருக்கும் கிருக்கும் எல்லாம் கோர்ட்ல செல்லாது. எழுதாதது நடக்கல அக்கா. எழுதினாத்தான் நடந்துச்சு."

இப்படித்தான் தொடங்கியது. ஒருவரை நிறுத்தினால் நேர் எதிரே நிற்கக் கூடாது, சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். "அதுதானே நான் பன்னிரண்டு வருஷமா பார்த்தேன்" என்று டிக்கெட்டம்மா சிரித்தாள். அந்தப் பாடத்தில் அவளுக்கு முழு மதிப்பெண். குரல்தான் தகராறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

"அக்கா, நடுவுல கண்ணாடி இல்ல" என்று நோட்டு மேடம் தினமும் நினைவூட்டினாள். "மெதுவாப் பேசுங்க. நீங்க வணக்கம் சொன்னாலே எதிர்ல நிக்கிறவன் ஓடிடுறான்."

ஆனாலும் அந்த மாதங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. விடியற்காலையில் பூட்ஸ் நனைய நனைய ஏரிக்கரையைச் சுற்றி வருவாள். இந்த இடத்தில் நாரை கூடு கட்டும், இந்த ஓடையில் மழைக்குப் பிறகு இறங்கக் கூடாது, இந்த வேலிக் கம்பி அறுந்தால் அது ஆடு மேய்ப்பவர் வேலை, அந்த வேலிக் கம்பி அறுந்தால் அது காதலர்கள் வேலை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இரண்டு நோட்டுகள் தீர்ந்தன. உடம்பு இளைத்தது. முதுகு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

வீடு ரேஞ்சர் நிலையத்துக்குப் பின்னாலேயே இருந்தது. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட ஊழியர் குடியிருப்பு. சமையலறை அவளுடையது அல்ல. கணவன் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் சமையல்காரன். நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவன் வீட்டில் மூன்று பேருக்குச் சமைக்க மனைவியை விடமாட்டான். "நீ உப்புப் போடுறதே ஒரு குத்தம், நோட்டீஸ் எழுதணும்" என்பான்.

மூன்றாவது ஆள் மாமனார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்து மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். பிடிவாதமாக அல்ல, மறந்துபோனவரைப் போல. தட்டை வைத்தால் பார்ப்பார். பாலில் அரைத் துண்டு ரொட்டியை நனைத்து விழுங்குவார். "போதும்பா" என்பார். மகன் செய்து பார்க்காத பண்டமில்லை. நானூறு பிள்ளைகள் தட்டை நக்கிவிட்டுப் போகிறார்கள், சொந்த அப்பனின் வாயில் ஒரு கவளம் போகவில்லை. அந்த வருத்தம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. டாக்டர், சலூன்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சலூன்காரர் ஞாயிறுதோறும் வீட்டுக்கே வந்து பெரியவருக்குச் சவரம் செய்வார். "கன்னம் உள்ள போயிடுச்சு ஐயா, கத்தி ஓட மாட்டேங்குது. கொஞ்சம் சாப்பிட்டு உப்ப வைங்க" என்று கெஞ்சுவார்.

அந்தச் சலூன்காரரைத்தான் டிக்கெட்டம்மா ஐந்தாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிடித்தாள்.

வடகரையில் பனி விலகிக்கொண்டிருந்த நேரம். நாணலுக்குள் ஒரு தொப்பி தெரிந்தது. நோட்டு மேடம் பத்தடி பின்னாலேயே நின்றுகொண்டாள். "நீங்க போங்க அக்கா. நான் வாயே திறக்க மாட்டேன்."

"வணக்கம். ரேஞ்சர். மீன்பிடி உரிமச் சீட்டைக் காட்டுறீங்களா?"

தொப்பி திரும்பியது. "அட, டிக்கெட்டம்மா! என்ன இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க, தொண்டை கட்டிக்கிச்சா?"

உரிமச் சீட்டு சரியாக இருந்தது. வாளியில் ஏழு மீன்கள். அந்த ஏரியில் இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சட்டம். அவள் எஃகு அளவுகோலைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். பதினெட்டு. பதினேழரை. பத்தொன்பது. ஒன்றுகூட இருபதைத் தொடவில்லை.

"உங்க அளவுகோல் தப்பு" என்றார் சலூன்காரர். சட்டைப் பையிலிருந்து ஒரு நீளமான சீப்பை எடுத்தார். "இதுதான் என் அளவு. இந்தச் சீப்பு இருபத்தஞ்சு. சீப்பைவிடச் சின்ன மீனை நான் தொட மாட்டேன்."

"சீப்போட முனை உடைஞ்சிருக்கே."

"உடைஞ்சா என்ன? முப்பது வருஷமா தொழில் பண்றேன், கண்ணளவு தெரியாதா எனக்கு? என் கடைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? மீன் திருடன்கிட்டயா கழுத்தைக் குடுக்குறோம்னு நினைப்பாங்க. எழுதுங்க, நல்லா எழுதுங்க. கோர்ட்டுக்குக் கொண்டு வாங்க. நீதிபதி அம்மா முன்னாடி அளந்து காட்டுங்க, அப்புறம் பார்ப்போம்."

அவள் நோட்டீஸ் எழுதினாள். வாழ்க்கையில் முதல் நோட்டீஸ். மீன்களை அளவுகோலுடன் சேர்த்துப் படம் எடுத்தாள். ஏழையும் பையில் போட்டுப் பறிமுதல் செய்தாள். நிலையத்துக்குத் திரும்பும் வழியில் நோட்டு மேடம் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, சூரியனைப் பார்த்து நின்னுட்டீங்க. எஃகு பளபளன்னு அடிக்குது, ஒரு நம்பர்கூடத் தெரியல. படம் உதவாது. பரவாயில்ல, மீன் இருக்கு. மீனை ஃபிரீசர்ல வச்சு சீட்டு ஒட்டுங்க. அதுதான் சாட்சி."

நிலையத்து ஃபிரீசரைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பழுது. அதே நேரத்தில் நோட்டு மேடத்தின் வயர்லெஸ் அலறியது. தெற்குப் பக்கம் நான்கு வயதுக் குழந்தையைக் காணவில்லை. "நான் முன்னாடி போறேன், நீங்க அதைப் பத்திரமா வச்சுட்டு ஓடி வாங்க" என்று அவள் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

பத்திரமான இடம் பத்தடியில் இருந்தது. டிக்கெட்டம்மா பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள். கணவன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பையில் முறைப்படி சீட்டு ஒட்டினாள்: மீன் ஏழு, அன்றைய தேதி, நேரம், கையெழுத்து. வழக்கு எண்ணுக்கு இடம் விட்டாள், எண் நிலையத்துப் பதிவேட்டில்தான் கிடைக்கும். ஃபிரீசரில் வைத்துவிட்டு ஓடினாள்.

குழந்தை படகுத் துறையில் கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. டிக்கெட்டம்மாதான் கண்டுபிடித்தாள், படகின் விளிம்புக்கு வெளியே ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் தகவல் எழுதி முடித்து வீடு திரும்பும்போது ஒரு மணி ஐந்து நிமிடம். வாசலிலேயே வாசனை அடித்தது.

மாமனார் மேசையில் உட்கார்ந்திருந்தார். தட்டின் ஓரத்தில் முள் குவிந்திருந்தது. ஒரு மீனின் முதுகை விரலால் நீவி, சதையைப் பிரித்து, மிளகாயும் உப்பும் பொரிந்த மொறுமொறுப்போடு வாயில் வைத்தார். கண்ணை மூடி மென்றார். அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போனது. பக்கத்தில் அவருடைய மகன், உலகத்தையே ஜெயித்துவிட்டவன் மாதிரி, கரண்டியோடு நின்றான்.

"மூணாவதும்மா!" என்று கிசுகிசுத்தான். "மூணாவது மீன் சாப்பிடுறார்!"

அவளுக்கு எல்லாம் புரிந்தது. வாயைத் திறந்தாள். மாமனாரின் கையைப் பார்த்தாள். மூன்று மாதமாக மடியில் சும்மா கிடந்த கை அது, எண்ணெய் மினுங்க முள் எடுத்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை, சீருடையும் பூட்ஸுமாக, கதவோரம் நின்றாள். வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் அந்தப் பத்து நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை என்னவென்று சொல்வது!

சமையலறைக்குள் கணவனை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது சாட்சிங்க! கோர்ட்டுக்குப் போற மீனு!"

"என்னது?"

"சீட்டு ஒட்டியிருந்தேனே, பார்க்கலையா?"

"பார்த்தேனே! அதனாலதான் எடுத்தேன்." அவன் குப்பைக்கூடையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினான். "எண்ணிக்கை, தேதி, நேரம், கையெழுத்து. எங்க ஸ்கூல் கிச்சன்ல ஃபிரீசருக்குள்ள போற எல்லாப் பைக்கும் இப்படித்தான் ஒட்டுவோம். பத்தொன்பது வருஷமா சொல்லிச் சொல்லி ஒரு வழியா உனக்குப் புத்தி வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டேன்மா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எத்தனை மிச்சம்?"

"அப்பா மூணு. நான் ரெண்டு. ரெண்டு உனக்கு வச்சிருக்கேன். பொரிச்சாச்சு."

"தலை?"

"தலையை வெட்டாம எப்படிப் பொரிக்கிறது?"

தலை இல்லாத மீனை எந்தக் கோர்ட்டில் அளப்பது? அவன் முகம் வெளுத்துவிட்டது. "மார்க்கெட்டுக்கு ஓடட்டுமா? அதே மாதிரி ஏழு வாங்கிட்டு வந்து வச்சுட்டா?"

"அந்த அளவு மீனை மார்க்கெட்ல விக்கக் கூடாது. சட்டம்."

"ஏரியில பிடிச்சா?"

"அதுக்குத்தானே அவர் மேல கேஸு!"

"அப்போ அந்த ஆளைக் காப்பாத்துறதுக்கு... இல்ல, மாட்டி விடுறதுக்கு, நாம அதே குத்தத்தைப் பண்ணணுமா?"

"ஆமா."

இருவரும் வறுத்த மீன் இரண்டையும் பார்த்தபடி நின்றார்கள். "நான் போய்ச் சொல்லிடுறேன்மா, தப்பு என்னுதுன்னு" என்றான் அவன். "கூண்டுக்குத் திரும்பப் போக வேண்டியதாயிடுமா?" என்றும் கேட்டான். அவள் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அடுப்பு மேடையில் வைத்து எழுதினாள்.

நோட்டு மேடம் அதை நிலையத்தில் நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தாள்.

"அக்கா, நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா? ஃபிரீசர் பழுது, மீன் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டோம்னு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மேடம். ஆனா நடக்காததை எழுதக் கூடாதே."

சின்னவள் தன் நோட்டைத் திறந்தாள். "ஃபிரீசர்ல கூலிங் இல்லன்னு வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். ஆளை வரச் சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். எழுதல." அவள் காது சிவந்திருந்தது. "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றேன். இருங்க, இதையும் எழுதிடுறேன்." அந்த நோட்டுகள் இரண்டும் சூப்பிரண்டின் மேசைக்குப் போயின. அவர் விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை விசாரணை. சிறு குற்றங்களுக்கான கோர்ட் தபால் நிலையத்தின் மாடியில் ஒரு அறை. மின்விசிறி ஒன்று, பெஞ்சு நான்கு. அந்த இரண்டு ஞாயிறும் சலூன்காரர் கோபத்தில் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாமனாரின் கன்னத்தில் தாடி வளர்ந்திருந்தது. சலூன்காரர் கோர்ட்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பையில் சீப்பு இருந்தது.

நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "சான்றுப் பொருள் மீன் ஏழு. எங்கே?"

டிக்கெட்டம்மா எழுந்தாள். நடுவில் கண்ணாடி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "இல்லைங்கம்மா. நோட்டுல எழுதியிருக்கேன்."

நீதிபதி அம்மா வாங்கி உரக்கப் படித்தார். "பிற்பகல் ஒரு மணி ஐந்து நிமிடம். சான்றுப் பொருளில் ஐந்து உண்ணப்பட்டன, கடைசி ஒன்றை, உண்ணப்படும்போதே, நேரில் கண்டேன். உண்டவர்கள்: மாமனார் மூன்று, கணவர் இரண்டு. மீதி இரண்டு வறுத்த நிலையில், தலையின்றி. தவறு என்னுடையது." பெஞ்சில் யாரோ இருமினார்கள். நீதிபதி அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். "ரேஞ்சர், பொருள் இல்லாம அளவை எப்படி நிரூபிக்கப் போறீங்க? வழக்கைத் தள்ளுபடி பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"தெரியும்மா" என்றாள் அவள். அரைவட்ட ஓட்டை கண் முன்னால் வந்து நின்றது.

"ஒரு நிமிஷம்மா." சலூன்காரர் எழுந்து நின்றிருந்தார். நீதிபதியைப் பார்க்காமல் டிக்கெட்டம்மாவைப் பார்த்தார். "யாரு சாப்பிட்டா? பெரியவரா?"

"ஆமா."

"பாலும் ரொட்டியும் தவிர எதையும் தொடாத பெரியவரா?"

"ஆமா."

"மூணா? நல்லாத் தெரியுமா?"

"முள்ளை எண்ணினேன்."

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சீப்பை எடுத்து உடைந்த முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நீதிபதி அம்மா, எனக்கு அந்த மனுஷரைத் தெரியும். வாராவாரம் அவர் கன்னத்தைத் தொடுற கை இது. அவர் வயிறு இப்போ உள்ளங்கை அகலம். இருபத்தஞ்சு சென்டிமீட்டர் மீன்னா ஒண்ணுல பாதிக்கு மேல தின்ன முடியாது. மூணு சாப்பிட்டிருக்கார்னா..." சீப்பைப் பையில் போட்டுக்கொண்டார். "மூணு சாப்பிட்டிருக்கார்னா என் மீன் சின்னதுதான்மா. குத்தத்தை ஒத்துக்கிறேன். அபராதம் போடுங்க."

அபராதம் போட்டார்கள். படிக்கட்டில் இறங்கும்போது அவர் டிக்கெட்டம்மாவிடம், "நாளைக்கு வரேன், பெரியவர்கிட்ட சொல்லுங்க. இப்போ கத்தி நல்லா ஓடும்" என்றார்.

சூப்பிரண்டு இரண்டு நோட்டுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் திட்டினார். முடிவில் பயிற்சியை மூன்று மாதம் நீட்டித்தார். நோட்டு மேடத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். நிலையத்துக்குப் புது ஃபிரீசர், பூட்டோடு. "பாஸ் இல்ல அக்கா, பெயிலும் இல்ல" என்றாள் நோட்டு மேடம். "இன்னும் மூணு மாசம் நீங்க என்னைச் சகிச்சுக்கணும்." டிக்கெட்டம்மாவுக்கு அது பரிசு போலத்தான் இருந்தது. நாளைக் காலையும் பூட்ஸ் நனையும்.

அன்று மாலை கணவன் மார்க்கெட்டிலிருந்து ஒரு பெரிய மீன் வாங்கி வந்தான். வெட்டுவதற்கு முன்னால் அவளிடம் கொண்டுவந்து நீட்டினான். அவள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று. "வெட்டலாம்" என்று அனுமதி கொடுத்தாள்.

மாமனார் பாதி சாப்பிட்டார். தட்டைத் தள்ளினார். "போதும்பா. வயிறு நிறைஞ்சிடுச்சு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சலூன்காரரின் கணக்கு அப்படியே சரி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர், விரலைத் துடைத்தபடி. "ஆனா அந்தச் சின்ன மீன் ருசி இதுல இல்ல." தாடியைச் சொறிந்துகொண்டார். "ஏம்மா, நாளைக்குச் சலூன்காரன் வருவான்ல? சவரம் முடிஞ்சதும் ஏரிப் பக்கம் அனுப்பி வை. நீ பின்னாடியே போய் இன்னொரு தடவை பிடிச்சுட்டு வா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பல் இல்லாத இடத்தில் காற்று விசில் அடித்தது. அத்தை போன பிறகு அந்தச் சத்தத்தை அந்த வீடு கேட்டதில்லை.

டிக்கெட்டம்மா கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தாள்.

"வீட்டுல என்னத்தை எழுதுற?" என்றான் கணவன்.

"எழுதாதது நடக்கலைங்க" என்றவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: மாலை ஏழு மணி பத்து நிமிடம். மாமா சிரித்தார்.